நாள் சொல்லச் சொன்னாயே, நிஸ்ரின்

எத்தாளை,
ஓகஸ்ட், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் நிஸ்ரினுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் கோழிகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் மருமகன் அஃப்ராஸும் அங்கே தோஹாவில் சுகமா என்று உன்னிடம் கேட்டால் எப்போதும் "சுகம் உம்மா" என்ற ஒரே பதில்தான் வரும், அதனால் உன்னிடம் கேட்பதைவிட அல்லாஹ்விடம் கேட்பதில்தான் எனக்குத் திருப்தி, ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதென்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று சிரிப்பாய். சாச்சாவின் மகன் றுமைஸ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் பெட்டியில் உனக்குக் கருவாடும் இடித்த மிளகாய்த்தூளும் வைக்கிறேன், கூடவே இதையும் வைத்தால் என்ன என்று தோன்றியது. தொலைபேசியில் நான் வாய் திறந்தால் வாப்பா கதிரையில் இருந்தபடியே "அதச் சொல்லு, இதச் சொல்லு" என்று கத்துவார், சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும்.

இங்கே கச்சான் காற்று கடுமையாக அடிக்கிறது. காயப்போட்ட கருவாட்டில் பாதி மண், அதனால் உனக்கு அனுப்புவதை வீட்டுக்குள் கட்டிக் காயவைத்தேன், வீடு முழுக்க வாடை, வாப்பா இரண்டு நாள் பள்ளிக்கு அத்தர் பூசிக்கொண்டு போனார். களப்புப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேல் பறக்கிறார்கள், அதில் ஒருத்திக்கு என் வயதிருக்கும், வாப்பா அவளைக் காட்டி "நீயும் ஒருக்கா ஏறிப் பாரேன்" என்கிறார். என் முழங்காலைப் பற்றி அவருக்கு என்ன கவலை.

உன்னிடம் இதுவரை சொல்லாத கதை ஒன்று, கோபிக்காமல் கேள். மாசி மாதம் டொக்டர்மார் கருவை உள்ளே வைத்த அன்று நீ "வச்சிட்டாங்க உம்மா, இனி துஆ செய்ங்க" என்று அழைத்தாயே, நான் அதை வாப்பாவிடம் அப்படியே சொன்னேன். மனுசன் அடுத்த நாள் வண்ணாத்திவில்லுவுக்குப் போய் இரண்டு கிடாய்களோடு வந்து இறங்கினார். பிள்ளை பிறந்தால் அறுக்கும் அகீகாவுக்காம்! ஆண்பிள்ளை என்றால் இரண்டு, பெண்பிள்ளை என்றால் ஒன்று, எதற்கும் இரண்டாக இருக்கட்டும் என்று கணக்கு. "இன்னும் ஒண்டும் தெரியாது, வச்சது தங்க வேணும்" என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "வச்சா வச்சதுதானே, டொக்டர்மார் விளையாட்டுக்கா வைக்கிற?" என்றார். பிறகு தங்கவில்லை என்று நீ அழுதபோது அவர் எழும்பிப்போய் ஆட்டுக்குக் குழை வெட்டினார். அந்தக் கிடாய்கள் என் முருங்கையைத் தின்று, அவர் புதுச் சாரத்தின் கரையையும் தின்று, மேலும் கொழுத்தன. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரண்டையும் குர்பான் கொடுத்துவிட்டார். மனம் கனக்கிறதா என்று கேட்டேன், "அல்லாஹ்வுக்கு எண்டு வாங்கினன், அல்லாஹ்வுக்குக் குடுத்தாச்சி, இதில என்ன ஈக்கி" என்றார். சிரித்துவிட்டாயா? அதற்காகத்தான் சொன்னேன்.

இனி நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக் குளிரில் வைத்திருக்கும் அந்த மற்றக் கருவை எப்போது வைப்பது, டொக்டர் உன் உடம்பு தேறிவிட்டது, எப்போது வந்தாலும் சரி என்கிறார், மருமகன் உன் விருப்பம் என்கிறார், உனக்கு ஒன்றும் ஓடவில்லை, அல்லாஹ்விடம் நல்ல வழி கேட்கும் இஸ்திகாராத் தொழுகையை உனக்காக நான் தொழுது பார்த்து நாளைச் சொன்னால் அன்றைக்கே செய்துகொள்கிறாய் என்று சொன்னாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் உன் மாமி, மருமகனின் உம்மா லெய்லா ராத்தா, புத்தளத்திலிருந்து முச்சக்கரவண்டி பிடித்து வந்துவிட்டார். நீ கேட்காமலே அவர் உனக்காக இஸ்திகாரா தொழுதாராம், கனவும் வந்ததாம். "அவள் பச்ச சாரி கட்டி மடியில பால் சட்டியோட ஈக்கிறமாதிரி கண்டன், இனி யோசிக்க என்ன ஈக்கி, வாற மாசமே செய்யச் சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ராத்தா, கனவு கண்டது நீங்க, ஊசி ஏத்திக்கொள்றது அவள்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தேத்தண்ணி குடிக்காமல் போய்விடுவாரோ என்று பயந்தேன், நல்ல வேளை இனிப்புக்குத் தொதல் வெட்டி வைத்திருந்தேன். தின்றுகொண்டே கண்ணீர் விட்டார். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், மங்கிக்கொண்டு வருகிறதாம், முற்றாக மறைவதற்குள் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். பாவம், அவசரம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணுக்கு வைத்தியம் இருக்கிறது, அதற்கு என் மகள் ஓடத் தேவையில்லை என்று சொல்லி, அடுத்த கிழமை கண் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அவர்மேல் கோபம் வைக்காதே.

அவரைச் சொல்கிறேன், நான் மட்டும் என்ன செய்தேன்? எதையும் கணக்குப் பார்த்தே பழகிய ஆள் நான். மருமகனின் லீவு எப்போது, நோன்பு எப்போது வருகிறது, அங்கே வெயில் எப்போது குறையும் என்று எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். பார்த்தால் எல்லா மாதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, எந்த மாதத்திலும் நீ இல்லை. அதைப் பக்கத்து வீட்டு அக்னஸ் வந்துதான் உறைக்க வைத்தாள். அவள் தலவில அன்னம்மாள் கோயில் பெருநாளுக்குப் போய் வந்தவள், அங்கே உன் பேரில் மெழுகுதிரி கொளுத்தினேன் என்று கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நம்முடைய மார்க்கத்தில் அது இல்லை என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் அன்பாகச் செய்ததை நான் என்ன சொல்வது. "பிள்ளை கேட்டியா அக்னஸ்?" என்றேன். "இல்ல அக்கா, அதத்தான் எல்லாரும் கேக்குறீங்களே. அவ நல்லா நித்திர கொள்ளட்டும் எண்டு மட்டும்தான் கேட்டனான்" என்றாள். இத்தனை மாதமாகப் பேரப்பிள்ளைக்காகக் கேட்ட வாயால் பெற்ற பிள்ளைக்காக ஒன்றும் கேட்கவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. அன்று அஸர் தொழுகையிலிருந்து துஆவில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆகவே மகள், நான் நாள் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான், ஆனால் ஓதத் தெரிந்த காலம் முதல் கிதாபு பார்த்துப் படித்துக்கொண்டவள், இதை மட்டும் திடமாகச் சொல்கிறேன். யாருக்குக் காரியமோ அவர்கள் தொழுவதுதான் இஸ்திகாரா, கனவு வந்தாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இரண்டு ரக்அத் நபில் தொழுதுவிட்டு ஓதும் துஆவில் "இந்தக் காரியம்" என்று ஓர் இடம் வரும், அந்த இடத்தில் தொழுகிறவர் தன் காரியத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை உனக்காக நான் சொல்ல முடியாது, மாமியும் சொல்ல முடியாது. நீயும் மருமகனும் பேசுங்கள், பேச மனமில்லையென்றால் சும்மா கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள். மனம் ஒரு பக்கம் சாயும்போது தொழு. அந்த இடத்தில் நீ "வாற மாதம்" என்று சொல்லலாம், "அடுத்த வருசம்" என்று சொல்லலாம், "இனிப் போதும்" என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாய் என்று நானும் கேட்க மாட்டேன், வாப்பாவையும் கேட்க விடமாட்டேன். எதைச் சொன்னாலும் நீ இந்த வீட்டுப் பிள்ளை.

அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் மனதுக்கு ஆறுதலையும் உங்கள் இருவருக்கும் நடுவில் பிரியத்தையும் தரட்டும், ஆமீன். மருமகனுக்கு என் ஸலாம். கருவாட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வை, போன முறை போல உடுப்பு அலுமாரிக்குள் வைத்துவிட்டு என்னை ஏசாதே.

துஆவுடன்,
உன் உம்மா நிஸ்மியா.