கால் எடுத்த இடம்

வாலன்பாக், 30 செப்டம்பர் 1994

அருமை மருமகன் ஃபோல்க்மாருக்கு,

எங்கெல்பெர்ட் மாமா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர மற்றபடி குன்றுபோல இருக்கிறேன். உன் கழுத்து வலி எப்படி?

போன கார் பந்தயத்தில் நீ ஜெயித்ததை நான் இங்கே சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். வளைவில் இரண்டு சக்கரம் தரையில், இரண்டு ஆகாயத்தில் என்றேன். ஜெயித்தவன் காரில் அடுத்த பந்தயத்தில் வேகம் குறைய ஈயக்கட்டி ஏற்றுவார்களே, அது ஒரு சினைப்பன்றி எடை என்றும் சொல்லிவைத்தேன். கல் குவாரியில் வேலை பார்த்த ஹைனர் விடுவானா?

"யோவ், போன வாரம் கன்னுக்குட்டி எடைன்னே. வாரத்துக்கு வாரம் வளருதா?"

"ஜெயிக்க ஜெயிக்க வளரும்டா, அதான் சட்டம்" என்றேன். ஒரு வகையில் உண்மைதானே.

நேற்று ரோஸ்விதாவின் மதுக்கடையில், எங்கள் வியாழக்கிழமை மேசையில், "ஜெர்மனியின் சாம்பியன், என் தங்கச்சி மகனுக்கு" என்று கோப்பையைத் தூக்கினேன். ஒருத்தரும் கூடத் தூக்கவில்லை. "நடக்குறதுக்கு முன்னாடி வாழ்த்தாதீங்க, ஆகாது" என்று ரோஸ்விதா முறைத்தாள். நான் குடித்தே விட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எனக்கு மூடநம்பிக்கை கிடையாது.

உன் மாமன்,
எங்கெல்பெர்ட்


ஹோக்கன்ஹைம், 7 அக்டோபர் 1994

அன்புள்ள மாமாவுக்கு,

கழுத்து பரவாயில்லை. இங்கே விடாமல் மழை. ஞாயிறன்று கடைசிப் பந்தயம். பதினைந்து வருடமாக டூரிங் கார் ஓட்டுகிறேன், சாம்பியன் பட்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. புள்ளிக் கணக்கில் எனக்கு அடுத்து நிற்பது எங்கள் அணியின் இன்னொரு ஓட்டுநர் யெர்க். இருபத்து நான்கு வயது. விளம்பரப் பலகையில் எல்லாம் அவன் முகம்தான்.

அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பந்தயம் முடிந்ததும் பேசலாம் என்கிறார் அணித் தலைவர் ப்ரூகெல்மன். எனக்கு முப்பத்தெட்டு. வேறு அணி எதுவும் கூப்பிடவில்லை. இந்த ஒரு வாரமாவது கதையைக் கொஞ்சம் குறையுங்கள் மாமா.

ஃபோல்க்மார்


வாலன்பாக், 10 அக்டோபர் 1994

என் சிங்கமே,

எல்லோரும் ரோஸ்விதா கடையில்தான் பார்த்தோம். கடைசிச் சுற்று வரை நீதான் முன்னால். காட்டுக்குள் போகும் அந்த நேர் பாதையில் கார் சட்டென்று தளர்ந்தது, யெர்க் தாண்டிப் போனான், பட்டமும் அவனோடு போனது. இன்ஜின் சக்தி இழந்துவிட்டது என்று உன் அணிக்காரர்கள் தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

"புகை வந்துச்சே, பாக்கலியா?" என்றேன் நான். முதலில் யாரும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவது பியரில் ஹைனர் பார்த்துவிட்டான். மூன்றாவதில் அது கரும்புகை.

இப்போது பழி முழுக்க என்மேல். "முன்கூட்டியே கோப்பையைத் தூக்குனீங்க, இன்ஜின் போச்சு" என்கிறாள் ரோஸ்விதா. ரொட்டிக் கடைக்காரி கூட என் முகம் பார்த்து மீதி தருவதில்லை. நீ வருத்தப்படாதே, எனக்கு இது பாரமே இல்லை. ஐஃபெல் மலையில் உட்கார்ந்துகொண்டு ஹோக்கன்ஹைமில் ஓடும் இன்ஜினை ஒரு கோப்பையால் அணைத்தவன் இந்த ஜெர்மனியில் வேறு யார் இருக்கிறான்?

எங்கெல்பெர்ட் மாமா


கோப்லென்ஸ், 14 அக்டோபர் 1994

அன்புள்ள மாமாவுக்கு,

புகை வரவில்லை. இன்ஜின் நன்றாக இருந்தது.

கடைசிச் சுற்றில் ரேடியோ வழியாகக் காதுக்குள் ப்ரூகெல்மன் பேசினார். "ஃபோல்க்மார், யெர்க்கை முன்னால விட்டுடு. அடுத்த வருஷமும் ஓட்டணும்னா விட்டுடு." அந்த நேர் பாதையில் நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. யெர்க் கை கொடுக்கும்போது என் காலணியைப் பார்த்துக்கொண்டு கொடுத்தான்.

ஒப்பந்தம் வந்துவிட்டது. அடுத்த வருடமும் யெர்க்குக்குப் பின்னால்தான் என்று ப்ரூகெல்மன் வாயாலேயே சொன்னார். கையெழுத்துப் போட்டால் இரண்டாம் ஆள். போடாவிட்டால் என் ஓட்டம் இதோடு முடிந்தது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

வியாழக்கிழமை மேசையில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்களைத் திட்டுகிறவர்கள் என்னைத் திட்டட்டும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

ஃபோல்க்மார்


வாலன்பாக், 21 அக்டோபர் 1994

ஃபோல்க்மாருக்கு,

சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை.

"புகைய என் கண்ணால பாத்தேன்யா" என்றான் ஹைனர். ரோஸ்விதா இன்னும் மோசம். "தன் தப்ப மருமகன் தலையில கட்டப் பாக்குறாரு" என்றாள்.

மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அப்போதுதான் ஹைனர் பியரைக் கீழே வைத்தான்.

"மூணு தடவயும் ஒரே மாதிரி சொல்றான். ஒண்ணுமே வளரல. அப்ப நெசம்தான்."

தபால்கார எர்வின் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான். "விட்டுக்கொடுக்கிறதுக்கா நாம தொண்டை கிழியக் கத்துனோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. ஹைனர், "குவாரியில மேஸ்திரி கீழ வைன்னா நானும் கல்லக் கீழ வெச்சவன்தான்" என்றான். நான் அதை ஊதிப் பெருக்காமல் அவனுக்கு ஒரு பியர் சொன்னேன். ஊரில் கேட்டுப்பார், இப்படி நடந்ததே இல்லை.

கதைக்கு நீ முதலாவதாக வரவேண்டும். ஆனால் கதை எனக்குத்தான் வேண்டியிருந்தது, உனக்கு வேண்டியது ஓட்டம். இத்தனை வருடம் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். கையெழுத்து உன் பாடு, அதில் நான் மூக்கை நுழைக்கமாட்டேன்.

கடை மூடும்போது ரோஸ்விதா கேட்டாள்: "ஏப்ரல்ல மொதப் பந்தயத்துல ஓட்டுறாரா இல்லியா? பாக்கப் போறதுக்கு இப்பவே பஸ்ஸுக்குச் சொல்லி வெச்சாத்தான் கெடைக்கும்." எத்தனையாவதாக வருவாய் என்று கேட்கவில்லை. அங்கேயே பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பஸ் நிரம்பி வழிகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை, இரண்டு இருக்கை காலி. எர்வினும் அவன் மனைவியும் வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

எங்கெல்பெர்ட்