ராடில் கை படக் கூடாது

2 ஜூலை 2007, திங்கள்

புழுக்கம். மழை வருவது போல இருட்டி, ஏமாற்றிவிட்டது. அம்மாவின் டி-ஷர்ட் அக்குளில் மறுபடி கிழிசல். தைத்தேன்.

ஜிம்மில் பெண்களுக்கு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரைதான். ஆபீசில் முதல் ஷிஃப்ட் முடிந்து, தாம்பரத்தில் இறங்கி ஓடினால் சரியாக இருக்கும். அதற்குள் அம்மா இரும்புலியூர் மார்க்கெட்டில் மீனை விற்று முடித்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துத் தயார். அப்படியும் உடம்பு குறைக்க வரும் டீச்சர், சைக்கிள் மிதித்தபடி மூக்கைத் தேய்க்கிறார். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ.

நான் எதையும் தூக்குவதில்லை. அம்மா வெயிட் மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது பின்னால் நிற்பது என் வேலை. எழ முடியாவிட்டால் பிடிக்க. ஜிம் மாஸ்டர் நிற்க மாட்டாராம். "ஆம்பள பின்னாடி நின்னா நல்லா இருக்காது அக்கா. உங்க பொண்ண இட்னு வாங்க." வீட்டில் முதல் டிகிரி நான். அதற்கு இந்த வேலை.

இன்று மாஸ்டர் சொன்னது: எழுபது கிலோவோடு அம்மா ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டால், நாற்பது தாண்டியவர்களுக்கான மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பாராம். சனிக்கிழமைக்குள். அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீடு வரை அம்மாவின் கால் வேகமாக நடந்தது.

செவ்வாய்

வெயில். பஸ்ஸில் நின்றே வந்தேன்.

அறுபத்தைந்து கிலோ. அம்மா கீழே போனாள். எழும்போது பாதியில் நின்றுவிட்டாள். தொடை நடுங்கியது. பயந்து ராடைப் பிடித்துவிட்டேன்.

"நான் புடின்னு சொன்னனா?"

"விழுந்துடுவியோன்னு..."

"நின்னுகினு தானடி இருந்தேன்? உன் கை பட்டா அது எனக்குக் கணக்கே இல்ல. நான் வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் தொடாத."

மாஸ்டர் அங்கிருந்தே, "இன்னா அக்கா, பாதி வெயிட்ட பொண்ணே தூக்கிச்சு போல!" டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

வாங்க: முட்டை, வெள்ளை நூல், அப்பாவுக்குப் பி.பி. மாத்திரை, முழங்கால் பட்டை (பெரிய சைஸ்).

புதன்

ஜிம்முக்கு லீவு. அம்மா மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குகிறாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கேட்டால் "ஒண்ணுமில்ல".

சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியிலிருந்து அப்பா வந்ததும் ஆரம்பம். "சிலிண்டர் தூக்கற, மீன் கூடை தூக்கற. இன்னும் இன்னாத்துக்கு அங்க போய் தூக்கணும்?"

"கூடை தூக்குனா யாரு கப் குடுக்கறா?"

அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

கல்யாணத்துக்கு முன் அம்மா போட்டியில் வாங்கிய கப் ஒன்று ஷோகேஸில் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து அதில் ஊசி, பட்டன், ஹூக்குதான். இன்று எல்லாம் சோப்பு டப்பாவுக்கு மாறியிருந்தது. கப்பைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

வியாழன்

ஆபீசில் ஒரே பக்கத்தை இரண்டு முறை டைப் செய்தேன். சூபர்வைசர் முறைப்பு.

மறுபடி பிடித்துவிட்டேன். எழுபதில். அம்மா திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. என் கையை வெட்டிப் போட வேண்டும். கரண்ட் வேறு போய், இருட்டில் ராடிலிருந்து பிளேட்டுகளைக் கழற்றினோம்.

வெள்ளி

காலையில் தூறல். மதியம் அனல்.

எழுபது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோகவும் முடியாது, தொடவும் கூடாது. ராடுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் வைத்திருந்தேன். அம்மா இறங்கினாள். அதே இடத்தில் நின்றாள். மூச்சுச் சத்தம் மட்டும். தொடவில்லை. தொடவில்லை. மெதுவாக எழுந்தாள். முழுசாக!

திரும்பினால் மாஸ்டர் வாசலில் செல்போனில். "படப்பை தாண்டி லெஃப்ட்ல வா மச்சான்..."

"சார், ஏறிடுச்சு!" அம்மா.

"அடடா, பாக்கலயே அக்கா."

"நான் பாத்தேன் சார்" என்றார் டீச்சர், சைக்கிளை நிறுத்திவிட்டு. இதை எதிர்பார்க்கவில்லை.

"நீங்க பாத்தா ஆச்சா மேடம்? நான்ல பேர் குடுக்கணும்."

செல்லை வைத்துவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டிருக்க வேண்டும். ராடைத் துடைத்தேன். வழக்கம் போல.

"இப்ப பாரு சார்" என்று அம்மா மறுபடி ராடுக்கு அடியில் போனாள். மூச்சுகூடத் திரும்பியிருக்கவில்லை. கீழே போனாள். நின்றாள். காத்திருந்தேன். கால் வெடவெடவென்று... அப்போதும் காத்திருந்தேன்.

"புடி."

பிடித்தேன். டீச்சர் ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தார்.

"நாளைக்குக் கடைசி அக்கா" என்றார் மாஸ்டர். செல் மறுபடி அடித்தது.

வரும் வழியில் அம்மா:

"மொதல்ல ஏறுச்சுல்ல?"

"ஏறுச்சும்மா."

"கை படலயே?"

"படல."

"அப்ப சரி." பிறகு கடலை வாங்கித் தின்றாள்.

நாளை ராடு தோளுக்குப் போவதற்கு முன்பே அந்த செல்லை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா கேட்க மாட்டாள். நான்தான் கேட்க வேண்டும்.

"சார், அந்த செல்ல கொஞ்சம் குடுங்க. அம்மா எழுந்ததும் தரேன்."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். குழாயை மூடிவிட்டும் ஒரு தடவை.