முடிச்சுக்குக் கீழே

நவம்பர் 9

வெயில் அடித்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை முடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கெச்சினுடைய பியோனிப் பூச்செடி இலையெல்லாம் உதிர்ந்து காய்ந்த குச்சியாக நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. என் பிறந்த ஊர் போஜோவில் அப்பா மருந்துக்காகப் பியோனி போடுவார். குளிர் வந்ததும் தண்டைத் தரையோடு அறுத்துவிடுவோம், வேர்தானே சரக்கு. அதேபோலச் செய்தேன். மண்ணை விலக்கினால் அடியில் முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சு. நோய்க்கட்டி! அதற்குக் கீழே வைத்து அறுத்து, அறுத்ததையெல்லாம் அடுப்பில் போட்டேன். வேர் மண்ணில் இருக்கிறது, வசந்தத்தில் முளைக்கும்.

அவ்வளவு நேரமும் இந்த மனுஷன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வேறு. மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு ஓடி மலச்சட்டி வைத்தேன். ஒன்றுமில்லை. "சும்மா என் உயிரை வாங்காதீங்க"ன்னு கத்திட்டேன். அப்புறம் அடுப்படியில் நின்று அழுதேன். வாதம் அடித்து ஐந்து மாதம். வாய் போய்விட்டது, வலப்பக்கம் போய்விட்டது, இடக்கை மட்டும் மிச்சம்.

நவம்பர் 30

கஞ்சி அரைக் கிண்ணம்தான் இறங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். என்ன கோபமோ.

டிசம்பர் 17

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இன்னொரு தடவை அடித்தால் தாங்காதாம். "கோடை வரைக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வரும் வழியெல்லாம் அந்தச் செடி நினைப்புதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு கொம்பு வாங்கிவந்து ஒட்டுக்கட்டினார். பச்சை நிறத்தில் பூக்கும் ஜாதியாம். இதுவரை பூத்ததில்லை. போன சித்திரை வெயிலில் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு என்னைச் சீண்டினார்: "அடுத்த வருஷம் பூக்கும் பாரு. உங்க ஊர்க்காரங்களுக்குப் பூன்னா வேகவைச்சுக் குடிக்கத்தான் தெரியும். இதைப் பார்த்துட்டு வாயைப் பொளக்கப்போற." நானும் விடவில்லை. "பச்சைப் பூவா? அதுக்கு முட்டைக்கோஸ் நடலாமே!"

அதைப் பார்க்கும்வரை இருந்துவிடட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

சீனப் புத்தாண்டுக்கு மகள் ஷுவாங் வந்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு ஒரு வழி கற்றுக்கொடுத்தாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எட்டு மாதமாக ஊமையோடு சண்டை போட்டிருக்கிறேன்.

கொழுக்கட்டை இன்னொன்று வேண்டுமா என்றேன். இரண்டு தட்டு.

மார்ச் 12

வந்துவிட்டது! சிவப்பாக ஐந்து முளை, மண்ணைப் பிளந்துகொண்டு, கொழுகொழுவென்று. உள்ளே ஓடினேன். "முளைச்சிடுச்சுங்க! அஞ்சு! சந்தோஷமா?" ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ஒரு தட்டு.

இந்த வீட்டில் யாராவது சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 29

தினமும் கஞ்சி ஊட்டும்போது செடிக் கதைதான். இன்று ஒரு ஜாண், இன்று இலை விரிந்தது, இன்று மொட்டு மாதிரி ஏதோ. கேட்டுக்கொண்டே விழுங்குகிறார். நான் பேச்சை நிறுத்தினால் வாயை மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 14

எங்கள் லுவோயாங் ஊர் முழுக்கக் கார். பியோனி பார்க்க ஊர் ஊராக வந்து இறங்குகிறார்கள். தலையில் பூவளையம் வைத்துக்கொண்டு எங்கள் சந்துக்குள்ளும் படம் எடுக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் பூத்தாயிற்று. எங்கள் வீட்டில் மொட்டு கோலிக்குண்டு அளவுதான். பச்சை ஜாதி கடைசியில்தான் பூக்கும் என்று அவர் சொன்ன ஞாபகம்.

ஏப்ரல் 19

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு லுவான் அண்ணன் குளிருக்குத் தெற்கே மகன் வீட்டுக்குப் போனவர் நேற்று திரும்பினார். கெச்சினைப் பார்க்க வந்தவர் முற்றத்தில் நின்றுவிட்டார்.

"இது என்ன தங்கச்சி? மரப் பியோனி எங்கே?"

"இதுதானே அண்ணா."

குனிந்து இலையைத் தடவினார். "இது மருந்துப் பியோனி. உங்க ஊரு சரக்கு. நீ கொண்டுவந்த வேர்லதானே அவன் அந்தப் பச்சைக் கொம்பை ஒட்டுக்கட்டினான்? மேலே இருந்த மரம் என்னாச்சு?"

சொன்னேன். முடிச்சுக்குக் கீழே அறுத்ததையும் சொன்னேன்.

"அடிப்பாவி... அந்த முடிச்சுதாம்மா ஒட்டு. மரப் பியோனி குளிர்ல செத்த குச்சி மாதிரித்தான் நிக்கும். அதைத் தரையோட அறுக்கவே கூடாது. அடிவேர்ல முளைக்கண்ணு இருந்திருக்கு, அதான் இது வந்திருக்கு." அப்புறம் குரலைத் தணித்தார். "கெச்சினுக்குத் தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நவம்பர். ஜன்னல். அந்தத் தட்டல்.

பாவி நான். அவரு கண்ணு முன்னாலயே அறுத்திருக்கேன். வேணாம் வேணாம்னு கத்தியிருக்காரு. நான் மலச்சட்டியைக் கொண்டுபோய் வச்சேன்.

ஏப்ரல் 20

கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் வெட்டினதைத்தான் பார்த்துத் தட்டுனீங்களா?"

ஒரு தட்டு.

"இது அந்தப் பூ இல்லைன்னு தெரியுமா?"

ஒரு தட்டு.

"அப்புறம் ஏன் சந்தோஷம்னு சொன்னீங்க?"

இதற்குத் தட்டி எப்படிப் பதில் சொல்வார். இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சுள்ளி மாதிரி இருந்தது. கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.

ஏப்ரல் 27

அந்த ஜாதிக் கொம்பு கிடைக்குமா என்று லுவான் அண்ணனைக் கேட்டேன். கிடைக்குமாம். ஆனால் செப்டம்பரில்தான் ஒட்டுக்கட்ட முடியும், பூக்க நாலைந்து வருடம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மே 11

பூத்தது. வெளிர் சிவப்பு, ஒற்றை அடுக்கு, நடுவில் மஞ்சள். போஜோவில் வேர் பெருக்க வேண்டும் என்று மொட்டிலேயே கிள்ளிவிடுவோம். விரிந்த பூவை இவ்வளவு கிட்டத்தில் நானே இன்றுதான் பார்க்கிறேன்.

தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்காரவைத்தேன். "பச்சை இல்லைங்க. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். வெகுநேரம் பார்த்தார். அழகா இருக்கா என்று கேட்டேன். ஒரு தட்டு. இவர் பேச்சை இனி எப்படி நம்புவது?

மே 23

இதழ் எல்லாம் கொட்டிவிட்டது. இன்று கஞ்சி வேண்டுமா என்றேன். ஒரு தட்டும் இல்லை, இரண்டும் இல்லை. கை போர்வைமேல் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 2

ஷுவாங்கை வரச்சொன்னேன்.

செப்டம்பர் 10

லுவான் அண்ணன் கொம்பு கொண்டுவந்து வாசலில் நின்றார். இனி யாருக்கு அண்ணா என்றேன். ஈரத்துணியில் சுற்றி வந்ததை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 8

குளிர் வந்துவிட்டது. தண்டெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது. இது எங்கள் ஊர்ச் செடி, இதைத் தரையோடு அறுக்கலாம். அறுக்கத்தான் வேண்டும்.

அரிவாளோடு குந்தினேன். ஒரு தண்டை அறுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். இன்னொன்றை அறுத்துவிட்டுப் பார்த்தேன். தட்டுகிற சத்தம் எதுவும் வரவில்லை. மிச்சத்தையும் அறுத்துவிட்டு உள்ளே வந்தேன்.