நான்கு ஏக்கர், என் பெயரில்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது போச்சய்யா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கஜ்வேலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி அல்வால் வந்திருக்கிறார். கையில் ஒரு பை வெண்டைக்காய். பருத்திக்கு இடையில் அவர் மனைவி ராஜவ்வா நட்டதாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஒரு தாளை நீட்டினார். அந்த நான்கு ஏக்கரை அவர்தான் குத்தகைக்கு உழுகிறார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இருந்தால் பருத்தியை அரசுக் கொள்முதலில் அவர் பெயரிலேயே போடலாமாம். மழையில் பயிர் போனால் நிவாரணமும் அவருக்கே வருமாம். வேளாண்மை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒம்பது வருஷமா உழுறேன் அம்மா. எந்தக் காகிதத்திலயும் நான் இல்ல" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார்.

மகன் எல்வினைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நிலம் என் கணவர் ஜார்ஜ் வாங்கியது. ரிட்டையர்மென்ட் பணத்தில் பாதி அதில் போனது. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, இப்போது நிலத்தின் பட்டா பாஸ்புக்கில் என் பெயர். குத்தகையும் எனக்கு. பயிர் வைக்க அரசு போடும் பணமும் பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே, அதாவது எனக்கு. சேற்றில் ஒருநாளும் கால் வைத்ததில்லை நான். ஜார்ஜ் இருந்தவரை அந்த அரசுப் பணத்தை அப்படியே போச்சய்யா கையில் கொடுத்துவிடுவார். அவர் போன பிறகு ஒரு தடவை நானும் கொடுத்தேன். அப்புறம் கண் ஆபரேஷன் வந்தது. கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 11

எல்வின் கொண்டாப்பூரிலிருந்து பேசினான். "சைன் மட்டும் நக்கோ மம்மி, போடாத. ஒருதடவ பேப்பர்ல அவங்க பேர் வந்துடுச்சுன்னா நாளைக்கு லேண்ட் விக்கவே முடியாது. புது ரோடு வரப்போவுது. வெயிட் பண்ணு."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருக்கிறதா? நாற்பது வருஷம் ஆபீசில் ஃபைல் பார்த்தவள் நான். ஒரு கையெழுத்து எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் பயம்.

வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தது. பொரியல் செய்தேன்.

செப்டம்பர் 4

யூரியா கிடைக்கவில்லையாம். ராஜவ்வா விடியற்காலையிலிருந்து சொசைட்டி வாசலில் நின்றாளாம். கால் கடுத்ததும் எல்லோரும் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்களாம். அவள் முறை வந்தபோது பாஸ்புக் கேட்டிருக்கிறார்கள். போச்சய்யா போன் செய்தார், போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு மூட்டை கொடுத்தார்களாம்.

ஒரு போட்டோ அனுப்பியதற்கே நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது. எவ்வளவு மலிவாக நிம்மதி கிடைக்கிறது எனக்கு.

அக்டோபர் 30

இரண்டு நாளாக விடாத மழை. அல்வாலில் தெருவெல்லாம் தண்ணீர். காய் வெடித்து நிற்கும் நேரம் இது. போன் செய்யலாமா என்று எடுத்தேன். செய்யவில்லை. என்ன கேட்பது?

நவம்பர் 9, ஞாயிறு

போச்சய்யாவே பேசினார். பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. மீதியை ஆள் வைத்துப் பொறுக்கிக் காயவைத்திருக்கிறார். வெளி வியாபாரி கேட்கிற விலை மிகவும் குறைவு, அரசு விலைக்குப் போட்டால்தான் விதைக் கடையில் தலை நிமிர முடியும் என்றார். பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில்லில் கொள்முதல். செவ்வாய்க்கிழமைக்கு மொபைல் ஆப்பில் முறை வாங்கியாகிவிட்டது. நிலம் என் பெயரில் இருப்பதால் அன்று என் போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால்தான் வண்டியை உள்ளே விடுவார்களாம்.

"போனைக் கையிலயே வெச்சுக்குங்க அம்மா" என்றார். சரி என்றேன்.

அந்தத் தாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

நவம்பர் 10

எல்வினிடம் சொன்னது தப்பாகிவிட்டது. சத்தம் போட்டான். "ஓடிபி சொல்லிட்டா அந்த ஆப்புல அவர் டெனன்ட்னு ரெஜிஸ்டர் ஆயிடும். எதுக்கு இந்த வம்பு? நான் வக்கீல கேக்குறேன். அதுவரை போன் எடுக்காத. அவ்ளோதான்."

வக்கீல் ஊரில் இல்லையாம். வியாழக்கிழமைதான் வருவாராம்.

நவம்பர் 11, செவ்வாய்

போன் வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 14

வக்கீல் சொல்லிவிட்டார். அந்த எண்ணைச் சொல்வதால் நிலத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. எல்வின் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். "இப்ப சொல்லிடு மம்மி, நோ ப்ராப்ளம்."

உடனே போச்சய்யாவுக்குப் போன் செய்தேன். "வித்தாச்சு அம்மா" என்றார்.

இரண்டு நாள் மில் வாசலில் வாடகை டிராக்டரோடு நின்றிருக்கிறார். பகலில் தூசி, ராத்திரி பனி. மூன்றாம் நாள் முறை தவறிவிட்டது. பனியில் பஞ்சு ஈரம் ஏறிவிட்டது, இனி முறை கிடைத்தாலும் ஈரத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள் என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னாராம். வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்த வியாபாரிக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். டிராக்டர் வாடகை, பொறுக்கின ஆள் கூலி எல்லாம் போக விதைக் கடைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"நீங்க ஏன் அம்மா எடுக்கல? உடம்பு சரியில்லையா?"

ஆமாம், ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அவர் பதறிப்போய், பிரஷரா, சுகரா, யார் கூட இருந்தது, இப்போது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தனைக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்.

நவம்பர் 15

எழுதிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். போன் எனக்கு எதிரே இருந்தது. பத்தரைக்கு முதல் தடவை அடித்தது. திரையில் போச்சய்யா என்று பெயர். அடித்து நின்றது. திரும்ப அடித்தது. நடுவில் அந்த எண்ணும் மெசேஜில் வந்தது, ஆறு இலக்கம். படித்தேன். இப்போதும் மனப்பாடம். அதை வாயால் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நொடி? பதினொரு தடவை அடித்தது. ஒரு தடவை தாங்க முடியாமல் நானே கட் செய்தேன். அப்புறம் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ரசம் வைத்தேன்.

ரசம் வைத்தேன். எப்படி முடிந்தது என்னால்?

டிசம்பர் 19

வங்கியிலிருந்து மெசேஜ். அக்டோபர் மழையில் பயிர் அழிந்ததற்கான நிவாரணம், நான்கு ஏக்கருக்கு, திருமதி லோயிஸ் ஜார்ஜ் கணக்கில். எனக்கு எந்தப் பயிர் அழிந்தது?

டிசம்பர் 22, திங்கள்

கிறிஸ்துமஸ் வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது. எல்வினிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். பையில் நிவாரணப் பணம், இரண்டு வருஷமாக நான் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பணம், கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்.

போச்சய்யா வயலில் பருத்தி மார் பிடுங்கிக்கொண்டிருந்தார். ராஜவ்வா மட்டும் வீட்டில். பணத்தை வாங்கிக்கொண்டாள். எண்ணவில்லை. நன்றி சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று தட்டு வைத்தாள். சோறும் பச்சைப்புளிச் சாறும். அரிசி நன்றாக இருக்கிறதே என்றேன், ஏதாவது பேச வேண்டும் என்று. ரேஷன் அரிசி என்றாள். போர்வெல்லில் தண்ணீர் இருந்தவரை இந்த நிலத்தில் நெல்தான் போட்டார்களாம். ஒரு வருஷம் நெல் வாங்கமாட்டோம், வேறு போடு என்று அதிகாரிகள் சொன்னார்கள். போரும் வற்றியது. பருத்திக்கு மாறினார்கள். அடுத்தாற்போல சன்ன ரக நெல் போட்டால் கூடுதல் பணம் என்றார்கள். அப்போது தண்ணீர் இல்லை.

"நாலு ஏக்கர் உழுறோம், வாய்க்கு அரிசி கடையிலதான் வாங்குறோம். அவங்க சொல்றதயெல்லாம் செஞ்சோம் அம்மா. எப்பவும் ஒரு வருஷம் லேட்டா செஞ்சோம்" என்றாள்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அவளும் தண்ணீர் ஊற்ற வந்தாள். அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இல்லை ராஜவ்வா, வீட்டில்தான் இருந்தேன்.

அவள் செம்பைச் சாய்த்தபடியே இருந்தாள். தண்ணீர் என் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"தெரியும். அன்னிக்கு போன் அடிச்சது நான்தான், அவர் வரிசையில நின்னுட்டு இருந்தார். ஒரு தடவ பாதியில கட் ஆச்சு. கை வெச்சாத்தானே அப்படி ஆவும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க அம்மா. உங்களுக்கு உடம்பு முடியலன்னு நம்பிட்டு இருக்கார். பெத்தம்மா கோயில்ல வேண்டிக்கிட்டார். ஒம்பது வருஷம் அவரு உழுத மண்ணு. அதுல அவருக்கு மிச்சம் அந்த நம்பிக்கைதான். அது அப்படியே இருக்கட்டும்."

என் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவருக்காகச் சொன்னாள். மன்னிப்பு கேட்கப் போனவளுக்கு அதுவும் இல்லை. இந்தப் பொய்யை இனி நான் காப்பாற்ற வேண்டும்.

சாயந்திரம் போச்சய்யா வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். படிக்கத் தெரியாது. தன் பெயர் எங்கே என்று கேட்டார். விரலால் காட்டினேன். அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 6

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறார். இந்தப் பருவத்துக்குப் பதிவு முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வா என்றார்களாம். நன்றாகத்தான் பேசினார்கள் அம்மா, உட்காரச் சொன்னார்கள் என்றார்.

மார்ச் 19, உகாதி

குத்தகை புதுப்பிக்கும் நாள். குத்தகையே வேண்டாம், சும்மா உழுங்கள் என்று சொல்வதற்காகக் காலையிலேயே போனை எடுத்து வைத்திருந்தேன்.

சொன்னேன்.  இந்த வருஷம் முடியாது அம்மா என்றார். விதைக்கடைக்காரர் இனிமேல் கடனுக்குக் கொடுக்கமாட்டார். எருதுகளைச் சங்கராந்திக்கு முன்பே விற்றாகிவிட்டது. ராஜவ்வாவின் தம்பி போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் இருக்கிறான், அங்கே வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். எனக்காக வருத்தப்பட்டு, வேறு நல்ல ஆளாகப் பார்த்துச் சொல்கிறேன் அம்மா என்றார்.

ஏப்ரல் 26

எல்வின் வந்தான். தரகர் மூலம் யாரையோ கூட்டிப்போய் நிலத்தைக் காட்டினானாம். புது ரோடு ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது, வந்தவர்களுக்கு வேண்டாமாம். அவனிடம் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை முதல் தடவையாக முழுக்கச் சொன்னேன். பதினொரு தடவை என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தானே மம்மி சொன்னேன்" என்றான். ஆமாம், நீதான் சொன்னாய். ஆனால் மேஜையில் உட்கார்ந்திருந்தது நான். சாப்பிடாமலே கிளம்பிப் போனான்.

ஜூன் 24

வங்கியிலிருந்து மெசேஜ். இந்தப் பருவத்துக்குப் பயிர் வைக்க அரசு உதவி வந்துவிட்டது. நிலத்தில் புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

ஜூலை 8, புதன்

போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனேன். இத்தனை நாள் தைரியம் வரவில்லை. பணத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

தக்காளி இறங்கும் இடத்தில் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். ராஜவ்வா பத்துப் பதினைந்து பெண்களோடு உட்கார்ந்து அழுகலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. கையால் மட்டும் அந்தப் பக்கம் என்று காட்டினாள்.

போச்சய்யா லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். வற்றிப்போயிருந்தார். தலையில் சாக்குத் துண்டு. முதுகு வளைந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். மூட்டையைப் போட்டுவிட்டு வந்து, உடம்பு எப்படி இருக்கிறது அம்மா, மாத்திரை விடாமல் சாப்பிடுகிறீர்களா என்றார். சாப்பிடுகிறேன் என்றேன்.

கவரை நீட்டினேன், அரசுப் பணம் வந்தது என்று. வாங்கவில்லை. கோபமில்லை. "உழுதப்ப வந்தா என்னோடது. இப்ப உழலயே அம்மா."

திரும்ப வந்துவிடுங்களேன் என்றேன். விதைக்கும் உரத்துக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், தாளில் உங்கள் பெயர் இருக்கிறது என்றேன். அவர் லாரியைப் பார்த்தார்.

"இங்க மூட்டை தூக்கினா சாயந்திரம் கையில காசு. உன் பேர்ல என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல."

மேஸ்திரி கூப்பிட்டார். சாக்குத் துண்டைத் தலையில் சரி செய்துகொண்டு நான்கடி போனவர் திரும்பி வந்தார். நிலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது. மில் வாசலில் நின்றதைச் சொன்னபோதுகூட அவர் குரல் அப்படி ஆகவில்லை.

"ரெண்டு நல்ல மழை பெஞ்சிருச்சே அம்மா" என்றார். பிறகு, "தெற்கு மூலையில தண்ணி தேங்கும். வேர் அழுகிடும். யார் உழுதாலும் முதல்ல அங்க ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார். நான் வெண்டைக்காய், தக்காளி என்று எதுவும் வாங்காமல் வெறும் பையோடு வந்தேன். தெற்கு மூலை எது என்றுகூட எனக்குத் தெரியாது.