ஏணிக் குழுவில் அம்மா

ஐப்பசி, வியாழன் இரவு

மின்கம்பம் ஏறும் ஏணி எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதும் குழுவில் அம்மாவும் ஓர் உறுப்பினர். அதற்குச் சம்பளம் கிடையாது. அவளுக்குச் செம்மேட்டு மின் அலுவலகத்தில் பொறியாளர் வேலை. குழு கூடும் நாளில் லீவு போடுவாள். அந்தக் குழுவில் ஆட்களை ஏணியில் ஏற்றி அனுப்புகிறவள் அம்மா மட்டும்தான்.

இன்று செல்போனில் வீடியோ கூட்டம். ஏணிக்காலில் வழுக்காத ரப்பர் கட்டாயம் என்பதை, விரும்பினால் போதும் என்று மாற்றப் பார்த்தார்கள். செலவு கூடுகிறதாம். ஈரப் பாறையில் ஏணி சறுக்கி லைன்மேன் முருகேசன் அண்ணன் இடுப்பு உடைந்ததை அம்மா சொல்லத் தொடங்கினாள். மழையில் சிக்னல் போய்விட்டது. திரையில் அசையாமல் நின்றுபோன முகங்களைப் பார்த்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான்தான் தோளைத் தொட்டுச் சொன்னேன்.

பிறகு குழுத் தலைவரை அழைத்தாள். "பாதியில கட் ஆயிட்டீங்க மேடம். மறுப்பு உண்டான்னு கேட்டேன், யாரும் பேசல. ஒருமனதா முடிவுன்னு உங்க பேரையும் சேத்து எழுதியாச்சு. அடுத்த தடவை திருத்தும்போது பாப்போம்."

"லீவும் போச்சு, பேரும் போச்சு" என்று அப்பா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் முருகேசன் அண்ணன் கம்பு ஊன்றி வந்தார். "ஏனுங்க மேடம், இப்ப எந்தம்பிதானுங்க கம்பம் ஏறுறான். ரப்பர் வெச்ச ஏணி வந்துருமுங்களா?"

அம்மா டீ போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள்.

"அப்ப வந்துரும், இல்ல கண்ணு?" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் எதுவும் சொல்லவில்லை.