மூன்றாமவரின் பங்கு

என் அன்புக்குரியவளுக்கு,

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இப்போது ஹரோவில் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம். லூயிஷாமில் அக்கா வீட்டிலேயே இரும்.

போக்கர் சீட்டாட்டப் போட்டியில் கடைசியாக மூன்று பேர் மிஞ்சினோம். ஆட்டத்தை நிறுத்திப் பரிசைப் பிரித்துக்கொள்ளலாம் என்று நானும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கேட்டோம். மூவரும் சம்மதிக்க வேண்டும். மூன்றாமவர் எங்கள் ஊர் மனிதர், பெயர் தில்லைநடராசா என்றார்.

“என்ர பங்கையும் நீங்களே எடுங்கோ தம்பி. உங்கட வீட்டில எனக்கொரு அறை தந்தால் காணும்.”

பகிடி என்று நினைத்து, “ஓம் அண்ணை, வாங்கோ,” என்று கை கொடுத்தேன்.

மறுநாள் காலை வாசலில் நின்றார். நான் முகவரி கொடுக்கவேயில்லை. நேரே மாடியேறி, பிள்ளையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை. திறந்து பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை. கட்டில் மட்டும் சூடாக இருந்தது.

அவருடைய பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எடுத்துவந்து அந்தக் கட்டிலில் வைத்தேன். விடிந்தபோது அது என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

நேற்று போனில், “ஆர் பக்கத்தில இருமுறது?” என்று கேட்டீர். நான்தான் என்றேன்.

நான் இருமவில்லை.

உம்முடைய,
பிள்ளையின் அப்பா