இடிவாளா, காவல் வளையமா

போன வாரம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் செருப்பு அறுந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவர் வாரை ஒட்டுவதற்காகப் பசை டப்பாவைத் திறந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும், ஒற்றைக் காலில் நின்றபடியே நான் உங்கள் செருப்புக் கடை மாடிக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே கடையைச் சாத்திவிட்டு உன் தம்பி சாதிக் மேலே வருகிறான். பாய் விரித்திருக்கிறது. பசை வாடையோடு உன் அம்மா போட்டனுப்பிய இஞ்சி டீயின் வாசமும் கலந்து வருகிறது. நீ நடுவில் உட்கார்ந்து பகடைகளைக் குலுக்கிக்கொண்டிருக்கிறாய். "ஏம்மா, காலை நீட்டுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது.

நாம் விளையாடியதை வெளியாளுக்கு விளக்குவது எப்போதுமே எனக்குப் பெரும்பாடு. கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டால், "ஒருத்தி கதை நடத்துவா, மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்குவோம், நெனச்சது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்" என்பேன். "சீட்டாட்டமா?" என்பார்கள். "இல்லை" என்பேன். "தாயமா?" என்பார்கள். அதற்கு மேல் விளக்கப் பொறுமை இருக்காது. பொறுமை எனக்கு என்றைக்கு இருந்தது?

காந்திகிராமத்தில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே உனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் நான் என் வேஷமாக மின்னல்கொடியை உருவாக்கியபோது நீ அப்படிச் சிரித்தாய். போர்வீராங்கனையாகவும் இருக்க வேண்டும், மந்திரக்காரியாகவும் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "கல்யாண வீட்டுல ஐஸ்கிரீமையும் பீடாவையும் ஒரே கையில வாங்குறவதானடி நீ" என்றாய். இங்கேயும் இரண்டையும் வாங்கினேன். கைவலிமைக்கும் அறிவுக்கும் நல்ல எண்களை வாரிக் கொடுத்துவிட்டு, மீந்துபோன சின்ன எண்ணைத் தேகபலத்துக்குத் தள்ளினேன். அது எதற்கு ஆகும் என்று நினைத்தேன்.

எதற்கு ஆகும் என்று கதையின் முதல் ஊரிலேயே தெரிந்துபோனது. தெருவில் கயிறு அவிழ்ந்த ஆடு ஒன்று. வீராப்பாக அதைப் பிடிக்கப் போனேன். நீ பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, இழவு சொல்கிற முகத்தோடு, "ஆடு முட்டிருச்சு. மின்னல்கொடி மூச்சுப்பேச்சில்லாம கெடக்கா" என்றாய். தொப்பம்பட்டியிலிருந்து வாராவாரம் பஸ் ஏறி வரும் பழனிச்சாமி, சொட்டுநீர்க் குழாய் விற்கிறவர், பிசாசிடம்கூட மரியாதையாகப் பேசுகிறவர், அன்றைக்கு என்னை விடவில்லை. "ஏனுங்க அம்மிணி, பேரு மட்டும் மின்னல்கொடிங்க, ஆட்டுக்கே சாஞ்சுட்டீங்களே" என்றார். நீ பாயில் விழுந்து சிரித்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த வாரமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தேன்.

அந்த மாடியில் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். விளையாட்டின் விதிகளில் எங்கேயும் அது கிடையாது. ஒருவர் அடுத்த நிலைக்கு உயர்ந்து புதிய சக்தி எடுக்கும்போது, எடுப்பதைச் சொல்ல விடமாட்டாய். "எடுக்குறது கெடக்கட்டும். மொதல்ல எதை விடுறேன்னு வாய்விட்டுச் சொல்லு" என்பாய். சொன்னதைத் திரும்பக் கேட்க முடியாது. பழனிச்சாமி ஒருமுறை வெளிச்சம் உண்டாக்கும் மந்திரத்தை விட்டார். அதற்குப் பிறகு எந்தக் குகைக்குள் போனாலும் இருட்டில் தடுமாறிக்கொண்டே அவரைத் திட்டினோம். எல்லாவற்றையும் வாரிக்கொள்கிற எனக்கு அந்த வழக்கம் வேப்பங்காய். சக்தியை எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

மின்னல்கொடிக்கு அந்தப் பெரிய நிலை வந்த அன்று நாம் ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தோம். உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பாதைகள்; ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது. ஒன்று இடிவாள்: மந்திரத்தை வாளுக்குள்ளேயே இறக்கி, ஒரே வீச்சில் இரண்டையும் பாய்ச்சுவது. இன்னொன்று காவல் வளையம்: கூட இருப்பவர்களைச் சுற்றி ஒரு வளையம் எழுப்பி, அவர்கள் மேல் விழும் அடியையெல்லாம் தடுப்பது. வளையம் நிற்கும் வரை அவள் அசையக் கூடாது, வாளைத் தொடக் கூடாது. ஆரம்பத்திலிருந்தே எனக்கு இடிவாள் மேல்தான் கண். ஆனால் வளையத்தையும் விட மனசில்லை. "அடுத்த வாரம் சொல்லு" என்று நீ பகடைகளைப் பையில் போட்டாய்.

அடுத்த வாரம் நீ மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

பார்க்க வந்தபோது, பேச்சு வேறு எதுவும் வராமல், "நீயே சொல்லேன், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டேன். ரொம்பவும் இளைத்திருந்தாய். கண்ணில் மட்டும் அந்தக் குறும்பு குறையவில்லை. "நான் சொன்னா அது என் ஆளு ஆயிரும். உன் ஆளுக்கு நீதான் சொல்லணும். பதறாத புள்ள, கதவு எங்கயும் ஓடிப் போயிராது" என்றாய். நீதான் போய்விட்டாய். அதற்காக உன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

செருப்பு அறுந்த அன்று சாயங்காலமே சாதிக் போன் செய்தான். "அக்கா, ஞாயித்துக்கிழமை உக்காருவமா? நான் நடத்திப் பாக்குறேன். நீங்க பாதையச் சொன்னாத்தான் கதை நகரும். வராட்டி சொல்லிருங்க, ஜாமானையெல்லாம் கட்டிப் போட்டுர்றேன்." நான் பாதையைச் சொல்லாவிட்டால் அந்த மாடி அத்தோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கே முடிவும் செய்துவிட்டேன். காவல் வளையம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

நேற்று போனேன். சாதிக் உன் இடத்தில்தான் உட்கார்ந்தான். மின்விசிறிக் காற்று அங்கேதான் விழும், வேறு வழியில்லை. பழனிச்சாமி பழனிப் பக்கத்துக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். யாரும் தொடவில்லை. சாதிக், "எதை விடுறீங்கக்கா?" என்றான். "இடிவாளை" என்றேன். "வளையம் எடுத்துக்குறேன்."

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி. சாதிக் கதை நடத்தறாப்ல. கதவுக்கு முன்னால இப்ப நீங்களும் நானுந்தானுங்க. எனக்குக் கவசம் இருக்குதுங்க, மருந்தும் இருக்குதுங்க. வளையம் யாருக்குங்க?"

அவர் கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். வளையம் உனக்கு. வேறு யாருக்கு? மதுரையில் உன் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் உன்னைச் சுற்றி ஒன்றை எழுப்பி, அசையாமல், மூச்சுவிடாமல் காத்துக்கொண்டுதானே இருந்தேன். அது உன்னைக் காக்கவில்லை. அப்படி ஒரு வளையம் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும், இருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று இத்தனை மாதமும் என்னையே வைதுகொண்டு திரிந்திருக்கிறேன்.

"மாத்திச் சொல்லலாமா சாதிக்?" என்றேன்.

அவன் உன்னை மாதிரி கறார் இல்லை. "சொல்லுங்கக்கா."

"வளையத்தை விடுறேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். சாதிக்கும் அழுதான். பழனிச்சாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய், தெருவில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, விட்டாச்சு. கதவு முன்னால நிக்கிறீங்க" என்றான்.

வாளை உருவினேன். கதவுக்குப் பின்னால் நீ என்ன வைத்திருந்தாய் என்பது அவனுக்கும் தெரியாது. அவனாகவே ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தான்: உடம்பெல்லாம் கண்ணாக ஒரு பூதம், அதற்கு ஜலதோஷம் வேறு. முதல் வீச்சிலேயே மின்னல்கொடி அதன் கண்களில் பாதியை அவித்தாள். பழனிச்சாமி அதனிடம், "ஏனுங்க, இன்னமும் நிக்கோணுமுங்களா?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா கீழேயிருந்து படியேறி வந்து, வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, டீ போடப் போனார்கள்.

வளையத்தை விடுகிறேன் என்று சொல்லும்போது உன்னையும் சேர்த்து விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது வழிநெடுக, உன் தம்பி ஒரு பூதத்துக்கு இம்புட்டுக் கண்ணு வச்சா நான் எதைத்தான்டி வெட்டுறது என்று உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.